பெட்டிக்காரர் வீட்டோடு இருந்த எட்டு மாதங்கள்

பெட்டிக்காரருக்கு உட்காரத் தெரியாது. நாற்காலி கொடுத்தால் நுனியில்தான் உட்காருவார். இரண்டாவது நிமிடம் எழுந்து ஜன்னலைத் திறப்பார், மூன்றாவது நிமிடம் அதே ஜன்னலை மூடுவார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று மாமியார் சொன்னது புகழ்ச்சியா திட்டா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட ஆளைப் பிடித்து எட்டு மாதம் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள்.

அவர் வேலை இது. முந்நூற்று நாற்பது சிறிய சுகாதார நிலையங்களில், தடுப்பூசி மருந்து வைக்கும் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி இருக்கும். ஃபிரிட்ஜுக்குள் எவ்வளவு குளிர் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்து, தனக்குள் இருக்கும் சிம் வழியாக அலுவலகத்துக்கு அனுப்பும். குளிர் குறைந்தால் நர்ஸுக்குப் போன் அடிக்கும். பார்த்தால் சோப்பு டப்பா மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே ஒரு முழுக் கம்ப்யூட்டர், அதில் லினக்ஸ். கம்ப்யூட்டர் என்றால் அப்டேட் இல்லாமல் தீராதே. வருடத்துக்கு இரண்டு தடவை புதுச் சிஸ்டம் போட்டாக வேண்டும். பதினோரு வருடமாக அதைப் போட்டவர் நம் ஆள்.

எப்படிப் போட்டார்? நேரில் போய்த்தான். மாதத்தில் இருபது நாள் பஸ், ரயில், அதற்குமேல் பாதை இல்லாத இடத்தில் கால். தோளில் ஒரு பை, பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர், மெமரி கார்டுகள் அடுக்கிய ஒரு பிளாஸ்டிக் டப்பா. போனதும் பட்டனை அழுத்திப் பெட்டியை நிறுத்துவார், நாலு ஸ்க்ரூவைக் கழற்றுவார், கார்டை மாற்றுவார், மூடுவார், பட்டனை அழுத்திக் கிளப்புவார், பிளக்கைத் தொட்டுப் பார்ப்பார், பச்சை விளக்கு எரியும்வரை நர்ஸிடம் ஊர்க்கதை பேசுவார். "பெட்டிக்காரர் வந்துட்டார்" என்று எல்லா இடத்திலும் ஒரு வரவேற்பு. எந்த நிலையத்தில் நாய் கடிக்கும், எங்கே நர்ஸின் மாமனாருக்குக் காது கேட்காது, எந்த பஸ் எந்தத் திருப்பத்தில் நின்றுபோகும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. சொந்த வீட்டில் கத்தரிக்கோல் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள், திருதிருவென்று விழிப்பார்.

போன வருடக் கடைசியில் மேலாளர் கூப்பிட்டார். புதிதாக ஐந்நூறு நிலையங்கள் சேருகின்றன, எல்லாம் தூரம். அலுவலகத்திலிருந்தே எல்லாப் பெட்டிக்கும் அப்டேட் தானாகப் போகிற மாதிரி செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும், எட்டு மாதம் அவகாசம். முடிந்தால் பெட்டிக்காரர் இனி இங்கேயே இருந்து அதைப் பார்த்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் அவர் அந்தப் பக்கமே போய்த் தங்க வேண்டும், மாதத்துக்கு இருபத்தைந்து நாள் சுற்ற வேண்டும்.

இதை வீட்டில் சொன்னபோது மனைவி கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பல் கட்டும் லேபில் வேலை, செயற்கைப் பல்லை உராய்ந்து உராய்ந்து வாயில் பொருந்தும்படி செய்பவள், பேச்சும் அதேபோல் அளந்துதான் வரும்.

"நல்லா கேட்டுக்கோங்க. அங்க போய்த் தங்கறதா இருந்தா, நானும் பாப்பாவும் அக்கா ஊருக்குப் போயிடறோம். அங்க லேப்ல ஆள் கேக்கறாங்க, பாப்பாக்கு ஸ்கூலும் பக்கம். நீங்க பையைத் தூக்கினா நாங்களும் தூக்கறோம். அவ்வளவுதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்யலாம். அவள் பல்லுக்கு அளவு சொல்வதுபோல் சொன்னாள்.

ஆக, உட்கார்ந்தார். நாற்பத்தாறு வயதில் படிக்க ஆரம்பித்தார். துணைக்கு, அவர் தங்கச்சி என்று கூப்பிடும் சர்வர்க்காரப் பெண். சர்வர் என்றதும் ஓட்டலை நினைக்காதீர்கள், பெட்டிகள் அனுப்பும் கணக்கெல்லாம் வந்து சேரும் கம்ப்யூட்டரைக் காவல் காப்பவள். அவள்தான் முதலில் விளக்கினாள். "அண்ணா, பெட்டிக்குள்ள ரெண்டு ரூம்னு வெச்சுக்கோங்க. ஒண்ணுல குடியிருக்கு. புதுசு வந்தா காலியா இருக்கற ரூம்ல சாமானை இறக்கணும். முழுசா இறங்கிடுச்சு, நம்ம முத்திரை சரியா இருக்குன்னு பார்த்த அப்புறம்தான் குடி மாறணும். மாறிப் பத்து நிமிஷத்துல நம்ம சர்வரைக் கூப்பிட்டு 'நல்லா இருக்கேன்'னு பெட்டியே சொல்லணும். சொல்லலைன்னா பழைய ரூமுக்கே தானா திரும்பிடணும்."

"யாரும் பக்கத்துல இல்லாமலா?"

"யாரும் இல்லாமதான். அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

யாரும் பக்கத்தில் இல்லாமல் ஒரு பெட்டி தன்னைத்தானே மாற்றிக்கொள்வது அவருக்கு ஜீரணிக்க இரண்டு வாரம் பிடித்தது. ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. மேசைமேல் எட்டுப் பெட்டிகளைப் பரப்பி வைத்தார். பாதி அப்டேட்டில் பிளக்கைப் பிடுங்கினார். சிம்மைக் கழற்றினார். வேண்டுமென்றே பழுதான சிஸ்டத்தை அனுப்பினார். எட்டும் சமர்த்தாகப் பழைய அறைக்குத் திரும்பின. நடுவில் அவர் மட்டும் குட்டி போட்ட பூனைபோல் மேசைக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். பக்கத்து மேசைக்காரர் அவரைப் பார்க்காமலிருக்கத் தன் திரையைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

வீட்டில் இன்னும் மோசம். ஆறு மணிக்கு வந்துவிடுவார். ஆறரைக்கு என்ன செய்வது என்று தெரியாது. அலமாரியை அடுக்கினார், மனைவி மறுபடி பழையபடி அடுக்கினாள். குழாய்க்கு வாஷர் மாற்றினார், ஒழுகாத குழாய்க்கும் சேர்த்து. மகள் படிக்கிற அறைக்குள் போய் நின்றார். அவளுக்குப் பதினாலு வயது, அம்மாவை "நீ, வா, போ" என்று உரிமையாகப் பேசுபவள், இவரைப் பார்த்தால் "என்னப்பா, ஏதாவது வேணுமா உங்களுக்கு?" என்று எழுந்து நிற்பாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்கிற தோரணை. "ஒண்ணும் வேணாம்மா, சும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, தெருமுனைவரை நடந்து, திரும்பி வருவார். ஒரு மாலையில் அப்படி ஏழு தடவை.

"நடக்காதீங்க, எனக்குத் தலை சுத்துது" என்றாள் மனைவி.

"இல்ல, காத்து வாங்கலாம்னு."

"வீட்ல காத்து இல்லையா?"

வீட்டில் எல்லாம் இருந்தது. அவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. இத்தனைக்கும் அவர் இந்த இரண்டு பேரும் இல்லாமல் வாழ முடியாது என்று மனதார நம்புகிறவர். பதினோரு வருடமாகப் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர்களைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அவர்களோடு உட்கார்ந்திருப்பதுதான் புது வேலை, அதற்கு வழி சொல்ல எந்தத் தங்கச்சியும் இல்லை.

எட்டாவது மாதம், ஒரு புதன்கிழமை காலை பத்து மணி. நிலையங்களில் நர்ஸுகள் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் வைத்தார்கள். முந்தின வாரமே பத்துப் பெட்டிக்கு அனுப்பி, பத்தும் பிழைத்துவிட்டது. இன்று ஐம்பது. அது தேறினால் மேலாளர் கையெழுத்துப் போடுவார், பெட்டிக்காரர் வீட்டோடு இருப்பார். சர்வர்க்காரப் பெண் திரையில் ஐம்பது கட்டங்களைத் திறந்து வைத்தாள். மஞ்சளாகி, பிறகு பச்சையாக வேண்டும். பத்தரைக்கு முப்பது பச்சை. பத்தேமுக்காலுக்கு நாற்பத்தாறு. மீதி நாலு மஞ்சளிலேயே நின்றன. பதினொன்றுக்கு அந்த நாலும் சாம்பல் நிறமாயின, தொடர்பே இல்லை என்று அர்த்தம்.

"பழைய ரூமுக்குத் திரும்பியிருக்கணுமே" என்றாள் அவள். "திரும்பினாலும் நம்மகிட்ட பேசணுமே. கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருக்கே, அண்ணா."

அவர் ஏற்கனவே எழுந்துவிட்டார்.

"நான் போயிட்டு வந்துடறேன்."

"எங்க?"

"நாலு இடத்துக்கும். முதல் இடம் அஞ்சு மணி நேரம். பதினொண்ணேமுக்கால் பஸ்ஸைப் பிடிச்சா நாலேமுக்காலுக்குள்ள போயிடலாம்."

"அண்ணா, ஒரு மணி நேரம் குடுங்க. நாலுக்கும் என்ன ஒத்துமைன்னு பார்க்கறேன். நர்ஸுக்குப் போன் பண்ணிக் கேக்கலாம்."

"அவங்களுக்கு என்னம்மா தெரியும்? மருந்து காவல் இல்லாம கெடக்கு."

மருந்து விஷயம் உண்மைதான். ஆனால் நர்ஸுகள் மணிக்கொரு தடவை கையால் தெர்மாமீட்டர் பார்த்து எழுதினால் போதும், அதற்கென்று ஒரு நோட்டே உண்டு. அது அவருக்கும் தெரியும். அவர் படியிறங்கிய வேகத்தில் வாசலில் இருந்த காவலாளி, எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று எழுந்து நின்றார்.

வீடு பத்து நிமிட நடை. மனைவி லேபில் இருந்தாள். பரீட்சைக்கு முந்தைய விடுமுறை என்பதால் மகள் மட்டும் கூடத்தில் புத்தகத்தோடு இருந்தாள். பெட்டிக்காரர் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தார், தூசி தட்டினார். இரண்டு சட்டை, ஒரு துண்டு, பல் பிரஷ், சார்ஜர், கார்டு டப்பா. எட்டு மாதமாக எந்தச் சாமான் எங்கே என்று தடவியவருக்கு, இப்போது கை தானாகப் போய்த் தானாக எடுத்தது.

மகள் வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உங்க அப்டேட் ஃபெயிலா?"

"நாலே நாலு. போய்ச் சரி பண்ணிட்டு வந்துடுவேன்."

"சந்தோஷமா இருக்கீங்களா?"

"என்னம்மா கேள்வி இது?"

"சீட்டி அடிச்சிட்டிருந்தீங்க."

அவருக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. சீட்டி அடித்தது அவருக்கே தெரியாது. மறுக்க வாயெடுத்தார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, "அம்மாகிட்ட சொல்லிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்தார். வண்டி நகரத்தைத் தாண்டிய பிறகுதான் கவனித்தார், அவர் முழு இருக்கையிலும் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக உடம்பில் எந்தப் பரபரப்பும் இல்லை. கம்பங்கள் பின்னால் போயின, மனம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் அவரைப் பயமுறுத்தியது. தன் எட்டு மாத உழைப்பு வீணாகிறது, மனைவியும் மகளும் வேறு ஊருக்குப் போகப்போகிறார்கள், இந்த மனுஷன் நன்றாகச் சாய்ந்து காற்று வாங்குகிறார். சே என்று இருந்தது. எழுந்து நிற்கலாமா என்று பார்த்தார், பஸ்ஸில் எங்கே நிற்பது?

ஒரு மணிக்குப் போன் அடித்தது. நாலு நிலையங்களில் முதலாவதன் நர்ஸம்மா.

"பெட்டிக்காரரே, உங்க ஆபீஸ் பொண்ணு போன் பண்ணிச்சு, தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதச் சொல்லிச்சு, எழுதிட்டேன். குளிர் சரியா இருக்கு. பெட்டில சிவப்பு லைட்டு எரியுது. நான் அந்தப் பிளக்கைப் பிடுங்கவா?"

"எந்தப் பிளக்?"

"நீங்க பிடுங்குவீங்களே. ஒவ்வொரு தடவையும் எல்லாம் முடிச்சிட்டுப் பிளக்கைப் பிடுங்கிட்டு, அஞ்சு எண்ணிட்டு, மறுபடி செருகுவீங்களே. அப்புறம்தானே பச்சை எரியும்."

அவருடைய கை பதினோரு வருடமாகச் செய்துகொண்டிருந்த காரியம் அவர் தலைக்குத் தெரியவில்லை. முதல் வருடம் வாங்கிய பெட்டிகள் முப்பத்தொன்று, பழைய ரக மோடம். பெட்டியை நிறுத்திக் கிளப்பினால் சிம் வழியாக அலுவலகத்தோடு பேசும் அந்த மோடம் மட்டும் எழுந்திருக்காது, மின்சாரத்தை முழுதாக நிறுத்தி ஐந்து எண்ணிக் கொடுத்தால்தான் எழும். அந்த முதல் வருடம் யாரோ சொல்லிக் கொடுத்தது, கையோடு ஒட்டிக்கொண்டது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. மேசைமேல் இருந்த எட்டுப் பெட்டியும் புதிய ரகம். போன வாரம் பிழைத்த பத்தும் அப்படித்தான். இந்த நாலு பெட்டிகளும் ஒழுங்காகப் பழைய அறைக்குத் திரும்பி, பேச வாயில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன.

"பிடுங்குங்கம்மா" என்றார். "அஞ்சு எண்ணுங்க."

நர்ஸம்மா சத்தமாக எண்ணினாள். கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜின் உறுமல் மட்டும் கேட்டது. "பச்சை வந்துடுச்சு" என்றாள்.

அவள் போனை வைத்த இரண்டாவது நிமிடம் சர்வர்க்காரப் பெண் கூப்பிட்டாள். "அண்ணா! ஒண்ணுக்கு உயிர் வந்துடுச்சு! என்ன பண்ணீங்க?"

சொன்னார். எதிர்முனையில் அவள் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு சிரித்தாள். "பதினோரு வருஷமா இதை வாய் திறந்து சொல்லலையே, அண்ணா! மோடத்துக்குப் போற கரண்டை மட்டும் இங்கேருந்தே நிறுத்திட்டு மறுபடி குடுக்க முடியும், அந்தப் போர்டுல வசதி இருக்கு. ரெண்டு வரி எழுதினா போதும். மத்த மூணு நர்ஸுக்கும் நான் போன் பண்ணிடறேன். மீதி இருபத்தேழு பழசுக்கு நாளைக்கு ரெண்டு வரியும் சேர்த்து அனுப்பலாம். நீங்க இறங்கிடுங்க, திரும்பி வாங்க."

ஒன்றரைக்குள் நாலும் பச்சை. மேலாளர் எட்டிப்பார்த்துவிட்டு "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஜெயித்தாகிவிட்டது. பெட்டிக்காரர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார், இறங்கவில்லை. அடுத்த நிறுத்தம் வந்தது, போனது. அதற்கடுத்ததும் போனது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டால் நல்லதுதானே என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொன்னார். யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. மூன்று நாள் கிடைக்கும்.

இரண்டேகாலுக்கு பஸ் ஒரு பெட்ரோல் பங்க்கில் பத்து நிமிடம் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள், அவரும் பையோடு இறங்கினார். மனைவியைக் கூப்பிட்டார். பல்லை உராயும் மெஷின் சத்தத்தோடு எடுத்தாள்.

"பாப்பா சொன்னா" என்றாள். "பையை எடுத்துட்டுப் போயிட்டீங்களாமே."

"சரியாயிடுச்சு. நாலும் போன்லயே சரியாயிடுச்சு. இனிமே ஊர் சுத்த வேண்டியதில்ல."

"அப்ப வாங்க."

"கேளு. சரியானது தெரிஞ்சு முக்கால் மணி நேரம் ஆச்சு. நான் பஸ்லயே உட்கார்ந்திருந்தேன். இறங்க மனசு வரல. காலைல பெட்டி நின்னுபோனதும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. பாப்பா அதைப் பார்த்துட்டா."

மெஷின் நின்றது.

"எங்களைப் பிடிக்கலையா உங்களுக்கு?"

"ஐயோ, பிடிக்காம என்ன! வீட்ல எப்படி இருக்கறதுன்னு எனக்குத் தெரியல. எங்க உட்கார்றது, என்ன பேசறது, எதுவுமே தெரியல." சத்தமாகவே சொல்லிவிட்டார். பக்கத்தில் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் நாகரிகமாக அடுத்த டயருக்குப் போனார்.

அவள் பேசியபோது அந்த அளந்த குரல் இல்லை.

"எனக்கு மட்டும் தெரியுமா? பதினோரு வருஷமா நானும் அவளும் ரெண்டே பேரா இருந்து பழகிட்டோம். நீங்க ஊருக்குக் கிளம்பின அன்னிக்குத்தான் நான் காலை நீட்டி உட்காருவேன். எட்டு மாசமா ஒரு நாள்கூட காலை நீட்டல. அக்கா ஊருக்குப் போறேன்னு சொன்னேனே, பாதி, நாங்க ரெண்டு பேராவே இருந்துடலாம்னுதான் சொன்னேன்."

"பாதியா?"

"பாதிதான். மீதி, நீங்க போயிடக் கூடாதுன்னு."

கண்டக்டர் படியில் நின்று கையைத் தட்டினார். "சார், ஏறுங்க. வண்டி எடுக்கறோம்."

"வர்றீங்களா?" என்றாள் மனைவி. "எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வாங்க, பார்ப்போம்."

பெட்டிக்காரர் கண்டக்டரிடம் போகச் சொல்லிக் கையாட்டினார். பஸ் புகையை விட்டுக்கொண்டு கிளம்பியது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு லாரிகள் போகும்வரை காத்திருந்து, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றார். திரும்பிப் போகும் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று அவருக்குத் தெரியவில்லை, அந்த வழியில் அவர் ஒருநாளும் பாதியில் திரும்பியதில்லை.